ஏரியல் செருக ஒரு துளை கூடவா இல்லை?

ஷார்ட்வேவ் ரேடியோ ஒன்றைக் கடையில் வாங்குகிறோம். அட்டைப்பெட்டியில் பூமி உருண்டையைப் படம் போட்டு, உலகத்தையே கையில் கொடுப்பதாக அச்சடித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து பிரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், வெளி ஏரியல் செருக ஒரு துளை கிடையாது. எர்த் கம்பி மாட்ட ஒரு திருகாணி கிடையாது. இழுத்தால் முக்கால் மீட்டர் நீளும் குச்சி ஏரியல் ஒன்றுதான். அதுவும் கொஞ்ச நாள் மடக்கி நீட்டினால் அடியில் ஆட ஆரம்பித்துவிடும். அந்தத் துளைக்கு வேண்டிய சாக்கெட்டின் விலை ஒரு டீ விலைகூட இல்லை. அதை மிச்சம் பிடித்துவிட்டு மெமரி கார்டு செருக இடம், டார்ச் விளக்கு, பாட்டுக்குத் தக்கபடி மின்னும் கலர் பல்பு எல்லாம் வைத்துக் கொடுக்கிறார்கள். ரேடியோ கேட்பதற்குத் தேவையானது மட்டும் இல்லை. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

வால்வு ரேடியோ காலத்தில் எந்தப் பெட்டியின் முதுகைப் பார்த்தாலும் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று ஏரியலுக்கு, இன்னொன்று எர்த்துக்கு. மொட்டைமாடியில் இரண்டு மூங்கில் கழிகளுக்கு நடுவே செம்புக் கம்பி கட்டி, அதன் வாலை ஜன்னல் வழியாக இறக்கி அந்தத் துளையில் செருகுவார்கள். தபால் ஆபீஸில் வருஷா வருஷம் ரேடியோ லைசென்ஸ் கட்டிய அந்தத் தலைமுறைக்கு இலங்கை வானொலி அவ்வளவு தெளிவாகக் கேட்டது என்றால், பாதிப் பெருமை அந்தக் கம்பிக்குச் சேரும். டிரான்சிஸ்டர் வந்தது, பெட்டி கைக்குள் அடங்கியது, நல்லதுதான். ஆனால் அந்த இரண்டு துளைகளையும் ஏன் அடைத்தார்கள்?

31 மீட்டர் பட்டை என்றால் அலையின் நீளமே 31 மீட்டர். அதற்கு எதிரே முக்கால் மீட்டர் குச்சி. அதுவும் கான்கிரீட் கூரைக்குக் கீழே, இரும்புக் கிராதி போட்ட ஜன்னலுக்கு உள்ளே, நாலு சார்ஜருக்கு நடுவே. உண்மையில் கம்பியின் நீளத்தைவிட அது வீட்டுக்கு வெளியே இருப்பதுதான் முக்கியம். வெளியே ஒரு கம்பி கட்டி அதை உள்ளே கொண்டுவர வழி இருந்தால் போதும், இரண்டாயிரம் ரூபாய் ரேடியோவும் பேசும். அந்த வழியைத்தான் அடைத்துவிட்டார்கள்.

ஆகவே நாமே செய்கிறோம். பின்மூடியைக் கழற்றி, குச்சி ஏரியலின் அடியிலிருந்து போர்டுக்குப் போகும் ஒயரைக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் 100 பிக்கோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைப் பத்தவைக்க வேண்டும். பக்கச் சுவரில் துளை போட்டு, காதுக்கருவிக்கு வைப்பார்களே, அதே மாதிரி 3.5 மில்லிமீட்டர் சாக்கெட் ஒன்றைப் பொருத்தி, கெபாசிட்டரின் மறுமுனையை அதில் சேர்க்க வேண்டும். சாக்கெட்டின் உடலைப் போர்டின் கிரவுண்டில் இணைக்க வேண்டும். பெரும்பாலான செட்டில் அது பேட்டரியின் நெகடிவ் பக்கம். கம்பிக்கு மோட்டார் வைண்டிங் கடைக்குப் போனால் எனாமல் பூசிய செம்புக் கம்பியை எடைக்குக் கொடுப்பார்கள். 10 மீட்டர் தாராளம். இரண்டு முனையிலும் நைலான் கயிறு கட்டி, மின்சார லைனுக்குக் கிட்டே போகாமல் மாடியில் இழுத்துக் கட்டினால் வேலை முடிந்தது.

வாடகை வீடு என்றால் இன்னொரு பாடு. "கம்பி கட்டினா இடி விழும் சார், வேணாம்" என்கிறார் வீட்டுக்காரர். அதே மாடியில் இரண்டு டிஷ்ஷும் ஒரு இரும்புத் தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டும் நிற்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய கம்பிக்குத்தான் ஆட்சேபம். அவருக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் ஒரு மழைக்காலம் போய்விடுகிறது. இடி மின்னல் வந்தால் கம்பியை ரேடியோவிலிருந்து பிடுங்கி வெளியே போட்டுவிட வேண்டும் என்பது நமக்கும் தெரியும். அதற்காகத்தான் சாக்கெட் வேண்டும் என்கிறோம்.

மின்னல் அடிக்கவே வேண்டாம். காய்ந்த காற்று வீசினாலே கம்பியில் மின்னேற்றம் சேர்ந்து முதல் டிரான்சிஸ்டரைத் தீர்த்துக்கட்டிவிடும். 1980களின் நடுவில் வந்த சோனி ஐ.சி.எஃப்-2010 கையடக்க ரேடியோக்களிலேயே பேர் பெற்றது. அதை வைத்திருந்தவர்களுக்கு க்யூ303 என்ற பெயர் மனப்பாடம். வெளி ஏரியலின் மின்னேற்றத்தில் அடிவாங்கும் எஃப்.இ.டி. வகை டிரான்சிஸ்டர் அது. எதிரும் புதிருமாக இரண்டு டயோடும், கிரவுண்டுக்கு ஒரு பெரிய ரெசிஸ்டரும் போட்டால் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும். எல்லாம் சில்லறைக் காசு. அதையும் நாம்தான் வாங்கிப் போட வேண்டும்.

சரி, கம்பி கட்டியாயிற்று. பிரச்சினை தீர்ந்ததா? நான் இருப்பது திருச்சி. திருச்சி வானொலி மீடியம் வேவில் 936 கிலோஹெர்ட்ஸ், 100 கிலோவாட். கம்பி அதையும் சேர்த்து வாரிக்கொண்டு வருகிறது. ஷார்ட்வேவில் எங்கே திருப்பினாலும் அடியில் மங்கலாக நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருக்கிறது. நிலையத்தின்மேல் துளிக் குற்றமும் இல்லை. அது தன் இடத்தில் ஒழுங்காக இருக்கிறது. அந்தப் பலமான சிக்னலை வாசலிலேயே தடுத்து நிறுத்தும் வடிகட்டி ரேடியோவுக்குள் இல்லை, அவ்வளவுதான். இரண்டு கெபாசிட்டர், நடுவில் கிரவுண்டுக்கு ஒரு சிறிய காயில். மீடியம் வேவ் முடியும் 1.6 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை மட்டும் விடும். கொட்டைப்பாக்கு அளவு இடம் போதும். அதை உள்ளேயே வைத்துக் கொடுத்திருக்கக் கூடாதா?

எர்த் விஷயம் தனிக்கதை. முன்பெல்லாம் தண்ணீர்க் குழாயில் ஒயரைச் சுற்றினால் எர்த். இப்போது எல்லா வீட்டிலும் பி.வி.சி. குழாய், அதில் என்ன சுற்றுவது? சுவரில் இருக்கும் மூன்று துளை பிளக்கின் எர்த்தை எடுத்தால், வீட்டிலுள்ள அத்தனை சார்ஜரின் இரைச்சலும் அந்த ஒயர் வழியாகவே ரேடியோவுக்குள் ஏறுகிறது. தனியாகச் செம்புக் கம்பி ஒன்றை ஈரமான மண்ணில் அடித்து இறக்கினால்தான் பலன். மாடி வீட்டுக்காரர்கள் மண்ணுக்கு எங்கே போவார்கள்?

இத்தனை அலைச்சலுக்குப் பிறகு எனக்குத் தோன்றுவது, நகரத்தில் இருப்பவர்களுக்கு நீளக் கம்பியைவிட வளைய ஏரியல்தான் மேல். ஒரு மீட்டர் விட்டத்தில் கனமான செம்புக் கம்பி ஒரே சுற்று. அதன் இரு முனைக்கும் நடுவே பழைய ரேடியோவிலிருந்து எடுத்த கேங் கண்டென்சர். உள்ளே, கீழ்ப்பக்கத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்கு விட்டமுள்ள சின்ன வளையம். அதிலிருந்து கேபிள் டி.வி.க்குப் போடும் ஆர்.ஜி.6 ஒயர் ரேடியோவுக்கு. கேங்கைத் திருப்பினால் சுமார் 5 மெகாஹெர்ட்ஸிலிருந்து 15 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது 49 மீட்டரிலிருந்து 19 மீட்டர் பட்டை வரை இசையும். நமக்கு வேண்டிய அலைவரிசையை மட்டும் தூக்கிக் கொடுத்து மற்றதை ஒதுக்குவதால் மீடியம் வேவ் தொல்லை அடங்கிவிடும். வளையத்தைத் திருப்பி வைத்தால் ஒரு திசையிலிருந்து வரும் இரைச்சலையும் அமுக்கலாம். மலிவு ரேடியோவுக்கே உரிய இன்னொரு நோயும் இதில் குறையும்: 9.7 மெகாஹெர்ட்ஸில் பலமாக வரும் நிலையம், 910 கிலோஹெர்ட்ஸ் தள்ளி 8.79இலும் இரண்டாம் முறை தலைகாட்டும். ஒரே ஒரு 455 கிலோஹெர்ட்ஸ் ஐ.எஃப். (இடைநிலை அதிர்வெண்) உள்ள செட்டில் அந்தப் போலியை உள்ளே கைவைத்து விரட்டுவது கடினம். வெளியே வளையம் இருந்தால் அது நெருங்காது.

ஆனால் அந்த கேங் கண்டென்சருக்கு எங்கே போவது? உலோகத் தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து திரும்பும் அந்த அருமையான சாமான், ஒரு காலத்தில் எந்த ரேடியோ ரிப்பேர் கடையிலும் டப்பா நிறையக் கிடக்கும். இன்று ரிப்பேர் கடையே இல்லை. ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டி.வி. மெக்கானிக் படித்தவர்கள் செல்போன் கடை வைத்துவிட்டார்கள், அல்லது ஓய்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவுக்கே போய்க் கேட்டேன். "இதெல்லாம் இப்ப யாரு சார் கேக்குறாங்க? மொபைல் டிஸ்பிளே வேணுமா, சொல்லுங்க" என்கிறார்கள். கடைசியில் கேங் கிடைத்தது பழைய இரும்புக் கடையில்தான், நசுங்கிய பித்தளைச் சொம்புகளுக்கு அடியில்.

அடுத்தது ஃபில்டர். என் ஆதங்கத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் சேரும். ஷார்ட்வேவில் நிலையங்கள் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் உட்கார்ந்திருக்கும். 9.640இல் ஒருவர், 9.645இல் இன்னொருவர். இருவரையும் பிரித்துக் கொடுப்பது 455 கிலோஹெர்ட்ஸ் செராமிக் ஃபில்டர். சல்லடையின் கண் எவ்வளவு என்பதுதான் கேள்வி. முராட்டா நிறுவனத்தின் பழைய சி.எஃப்.டபிள்யூ வரிசையில் கடைசி எழுத்தைப் பார்த்தே அகலத்தைச் சொல்லிவிடலாம். டி என்றால் இருபுறமும் 10 கிலோஹெர்ட்ஸ், எஃப் என்றால் 6, ஜி என்றால் 4.5, எச் என்றால் 3. மலிவு செட்டைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் அகலமானதுதான் இருக்கும், அல்லது ஃபில்டரே இருக்காது. வெறும் ஐ.எஃப்.டி. (ஐ.எஃப். டிரான்ஸ்பார்மர்) காயில்களை நம்பி விட்டிருப்பார்கள். விளைவு, அரபியும் சீனமும் ஆங்கிலமும் ஒரே நேரத்தில் பேசும். நடுவில் விசில் வேறு. ஷார்ட்வேவ் என்றாலே இப்படித்தான் என்று ஜனங்கள் நினைத்து ரேடியோவை மூலையில் வைத்துவிடுகிறார்கள். இது ஷார்ட்வேவின் குணம் அல்லவே! அகலமான ஃபில்டரின் வேலை.

இதை மாற்ற முடியும். பழையதன் கால்களிலுள்ள ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே கால் அமைப்புள்ள ஜி அல்லது எச் வகையைப் பொருத்தினால், மறுநாள் அது வேறு ரேடியோ. என் கையால் மாற்றிக் கேட்டதால் சொல்கிறேன்: அதுவரை கூச்சலாக இருந்த 31 மீட்டர் பட்டையில் ஒவ்வொரு குரலும் தனித்தனியாக நின்றது. பேச்சுக்கு எச் நன்றாக இருக்கிறது. பாட்டு கேட்க அது கொஞ்சம் மொண்ணையாக இருக்கும், ஜி போதும். என்னைக் கேட்டால் பேச்சு கேட்பவர்களே ஷார்ட்வேவுக்கு அதிகம் வருகிறார்கள், எச் வையுங்கள் என்பேன்.

சாமான் கிடைத்தால்தானே! அசல் ஃபில்டர் கிடைப்பது அரிதாகிவிட்டது. கிடைப்பதில் எழுத்து ஒன்று, குணம் ஒன்று. மேலே எச் என்று பளிச்சென்று அச்சடித்திருக்கிறது. பொருத்திப் பார்த்தால் பழையதைவிட அகலம். கடைக்காரரிடம் போய் நின்றால் "வர்றதைத்தானே சார் நாங்க விக்கிறோம்" என்கிறார். அவரைச் சொல்லியும் பயனில்லை. பொய் எழுத்தை அச்சடித்தவன் எங்கோ இருக்கிறான்.

ஃபில்டர் மாற்ற முடியாதவர்கள் ஐ.எஃப்.டி.யைச் சரிசெய்தாலே ரேடியோ கணிசமாக முன்னேறும். சிவப்பு மூடி ஆஸிலேட்டர். அதைத் தொடவே கூடாது, தொட்டால் டயலில் எல்லாம் இடம் மாறிவிடும். மஞ்சள், வெள்ளை, கறுப்பு மூடிகள்தான் ஐ.எஃப்.டி. மெல்லிதாக வரும் ஒரு நிலையத்தைப் பிடித்துக்கொண்டு, இரும்பு ஸ்குரூ டிரைவரை எடுக்காமல் பிளாஸ்டிக் குச்சியைச் சீவி, சத்தம் உச்சத்துக்கு வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். தொழிற்சாலையில் ஒவ்வொரு செட்டுக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் இந்த வேலை நமக்கு மிச்சம். புத்தம்புதுச் செட்டிலேயே இவை உச்சத்தில் இல்லாமல் இருப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

காயிலும் வேண்டாம், ஃபில்டரும் வேண்டாம் என்று இப்போது எல்லாவற்றையும் ஒரே சிப்புக்குள் அடக்கிவிட்டார்கள். நான் அதற்கு விரோதி அல்ல. சிலிக்கான் லேப்ஸின் எஸ்.ஐ.4735 சிப்பில் ஏ.எம். அகலத்தை 6, 4, 3, 2.5, 2, 1.8, 1 கிலோஹெர்ட்ஸ் என்று ஏழு விதமாக மாற்ற முடியும். அந்தக் காலத்தில் பெரிய விலை ரேடியோவிலும் இல்லாத வசதி! ஆனால் மலிவு செட்டில் அதை மாற்ற ஒரு பொத்தான் வைக்கமாட்டார்கள். சிக்னல் கொஞ்சம் மங்கினால் தானே சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும் சாஃப்ட் மியூட்டை வேறு வைத்துவிடுகிறார்கள். ஷார்ட்வேவ் என்பதே ஏறியும் இறங்கியும் வருவது. இறங்கும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிற நேரத்தில் ரேடியோ வாயை மூடிக்கொள்கிறது. இதற்குச் சால்டரிங் அயர்ன் எடுத்தும் பயன் இல்லை, எல்லாம் புரோகிராமுக்குள் இருக்கிறது. இந்த எரிச்சலில்தான் சில பிள்ளைகள் அதே சிப்பை வாங்கி ஆர்டுயினோ பலகையோடு சேர்த்துச் சொந்தமாக ரேடியோ கட்டுகிறார்கள். அகலமும் மாற்றலாம், சாஃப்ட் மியூட்டையும் நிறுத்தலாம். கல்லூரிப் பிள்ளைக்குத் தெரிந்தது கம்பெனிக்குத் தெரியாதா?

முள் டயல் உள்ள செட்டில் நிலையத்தைப் பிடிப்பதே பெரும்பாடு. 31 மீட்டர் பட்டை முழுவதும் டயலில் ஒரு விரற்கடைக்குள் முடிந்துவிடும். சாதாரண 1என்4007 டயோடைத் தலைகீழ் மின்னழுத்தத்தில் வைத்தால் அது சின்ன கண்டென்சர் போல வேலை செய்யும். ஒரு பொட்டென்ஷியோமீட்டரோடு சேர்த்து ஆஸிலேட்டர் கேங்குக்குப் பக்கத்தில் போட்டால் நுண்ணிய டியூனிங் கிடைத்துவிடும். டயோடின் விலை ஓரிரு ரூபாய்.

எலிமினேட்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டிரான்ஸ்பார்மர் போட்ட பழைய எலிமினேட்டரில் நிலையம் பிடிக்கும்போது மட்டும் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் வரும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு டயோடுக்கும் குறுக்கே 0.01 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைத்தால் நின்றுவிடும். இப்போது வரும் எடையில்லாத அடாப்டருக்கு அந்த வைத்தியமும் பலிக்காது. பேட்டரியில் கேளுங்கள். வேறு வழி இல்லை.

இதையெல்லாம் செய்து முடித்தவனுக்குக் கிடைப்பது என்ன? சாயங்காலம் ஆறரை மணி. சூரியன் இறங்கியதும் தூரத்து நிலையங்கள் ஒவ்வொன்றாக ஏறிவரும் நேரம். அதே நேரத்தில்தான் தெருவில் எல்.இ.டி. விளக்குகள் எரிகின்றன, வீட்டுக்கு வீடு பல்பு போடுகிறார்கள், செல்போன்கள் சார்ஜில் ஏறுகின்றன. ஷார்ட்வேவ் முழுவதும் ஒரே கரகரப்பு. டயலை நகர்த்தினால் குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒருமுறை 'கொர்' என்று ஒரு மேடு வரும். சுவிட்ச் மோட் சார்ஜர் நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி ஒட்டுகிறது. அந்த வெட்டின் மடங்குகள்தான் வரிசையாக மேலே ஏறிவருகின்றன. பல்புக்குள் இருக்கும் டிரைவரும் அதே ஜாதி. நான் மூன்று கிலோஹெர்ட்ஸ் ஃபில்டர் தேடி ஊர் ஊராக அலைந்தேன். பக்கத்து வீட்டு சார்ஜர் ஒன்று மொத்தப் பட்டையையும் விழுங்கிவிட்டது.

இந்த இரைச்சலை அடக்க வழி இல்லாமலில்லை. விளக்குகள் கிளப்பும் இரைச்சலுக்கு சிஸ்பர் 15 என்ற சர்வதேச வரம்பு இருக்கிறது. மின்கம்பிக்குள் ஏறும் இரைச்சலை 9 கிலோஹெர்ட்ஸிலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை, ஷார்ட்வேவ் முழுவதையும் சேர்த்து, அது கட்டுப்படுத்துகிறது. அதற்குள் அடங்க மின்சாரம் நுழையும் இடத்தில் ஒரு சோக்கும் ஒரு கெபாசிட்டரும் வேண்டும். நல்ல சார்ஜரைப் பிரித்தால் இரண்டும் இருக்கும். மலிவுச் சார்ஜரின் போர்டில் அவற்றுக்குத் துளைகூடப் போட்டிருக்கிறார்கள். சாமான் மட்டும் இல்லை, அதன் இடத்தில் ஒரு ஒயர்த் துண்டு. கண்ணால் பார்த்தேன். ரேடியோ செய்தவனும் சில ரூபாய் மிச்சம் பிடித்தான், சார்ஜர் செய்தவனும் சில ரூபாய் மிச்சம் பிடித்தான். இரண்டு மிச்சத்துக்கும் வட்டி கட்டுவது ரேடியோ கேட்கிறவன்.

வீட்டுக்குள் திருடன் யார் என்று கண்டுபிடிப்பது சுலபம். ரேடியோவைப் பேட்டரியில் போட்டுக்கொண்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் செட்டாப் பாக்ஸ் அடாப்டரும் வாசல் கேமரா அடாப்டரும் அகப்பட்டன. அடாப்டரின் ஒயரை ஃபெரைட் வளையத்தில் பல சுற்றுச் சுற்றினால் இரைச்சல் இறங்கும். வளையத்தைப் பழைய கம்ப்யூட்டர் மானிட்டர் கேபிளின் குண்டு முடிச்சிலிருந்து எடுக்கலாம். கெட்டுப்போன கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் மஞ்சளும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்த வளையம் ஒன்று இருக்கும். அது இரும்புத்தூள், இந்த வேலைக்கு ஆகாது. பலர் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பலனில்லை என்று கைவிடுகிறார்கள்.

அடுத்த வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது? "அண்ணே, உங்க பல்பு என் ரேடியோவைக் கெடுக்குது" என்றால் அவர் நம்மை மேலும் கீழும் பார்க்கிறார். பல்பு எரிகிறது, கண்ணுக்குக் குறை தெரியவில்லை. ஒரு முறை ரேடியோவையே கையில் கொடுத்து அவர் வீட்டு ஸ்விட்சை அவரையே போட்டு அணைத்துக் கேட்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அடடா, ஆமாங்க" என்றவர் மறுநாளே பல்பை மாற்றிவிட்டார். நல்ல மனிதர். ஆனால் ஒரு தெருவில் எத்தனை வீடு! வீடு வீடாக ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போகவா முடியும்?

கரண்ட் போனால்தான் உண்மை தெரிகிறது. தெருவே இருட்டாகும் அந்தச் சில நிமிடங்களில் பட்டை முழுவதும் துடைத்துவிட்டதுபோல் அமைதி. முதலில் கேட்காத நிலையங்கள் பத்துப் பதினைந்து ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அலை வந்துகொண்டுதான் இருக்கிறது, வாசலில் தடுக்கப்படுகிறது. ஒரு மனிதன் ரேடியோ கேட்பதற்குக் கரண்ட் போக வேண்டும் என்று காத்திருப்பது என்ன நியாயம்?

போனில் எல்லாம் வருகிறதே, எதற்கு இந்தப் பாடு என்று கேட்கிறார்கள். பி.பி.சி. தமிழோசை 1941இல் தொடங்கி 2017 ஏப்ரல் 30 வரை வந்தது. அதை நிறுத்தியபோதும் இதையேதான் சொன்னார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. டெல்டாவில் மின்கம்பங்கள் சாய்ந்து, செல்போன் டவர்கள் அணைந்து, பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. போனில் எல்லாம் வரும் என்றவர்கள் போனையே சார்ஜ் செய்ய ஜெனரேட்டர் தேடினார்கள். நாலு பேட்டரியில் ஓடும் ரேடியோவுக்கு டவர் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் பி.பி.சி.யே அந்த மக்களுக்காகத் தினமும் 4 மணி நேரம் ஷார்ட்வேவில் ஆங்கிலச் செய்தி ஒலிபரப்பியது. ஆபத்து வந்தால் எதை நாடுகிறார்கள் என்பது தெரிகிறதல்லவா? ஆபத்து நேரத்தில் கைகொடுக்க வேண்டியதை நல்ல நாளிலேயே கேட்க முடியாதபடி செய்து வைத்திருக்கிறோம்.

ரேடியோ செய்கிறவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. ஏரியலுக்கும் எர்த்துக்கும் இடம் கொடுங்கள். மீடியம் வேவைத் தடுக்கும் வடிகட்டியை உள்ளே வையுங்கள். குறுகிய ஃபில்டருக்கு ஒரு பொத்தான் வையுங்கள். அதற்காகக் கூடுதலாக நூறு ரூபாய் போட்டுக்கொள்ளுங்கள், மனமாரக் கொடுக்கிறோம். டார்ச் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அரசாங்கத்தை நடத்துகிறவர்களுக்கும் ஒன்று. பல்பும் சார்ஜரும் ஷாக் அடிக்காமல் இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள், சந்தோஷம். அது காற்றில் என்ன குப்பையைக் கொட்டுகிறது என்பதையும் கடையிலேயே எடுத்துப் பரிசோதியுங்கள். தவறினால் விற்கவிடாதீர்கள்.

படிக்கிற உங்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்து ரேடியோ ஒன்று கிடந்தால், ஓடாது என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதற்குள் இருக்கும் கேங் கண்டென்சர், ஃபெரைட் ராடு, ஐ.எஃப்.டி. எதுவும் இன்று கடையில் எளிதில் கிடைக்காது. மாடியில் கம்பி கட்டி ரேடியோ கேட்கிற ஒருவர் உங்கள் பக்கத்திலும் இருப்பார். விசாரித்து அவரிடம் கொடுத்துவிடுங்கள்.